திராட்சை பன்னின் கடைசி வரி

நாமக்கல் விடுதி,
14-6-2025

அன்புள்ள அனு அக்காவுக்கு,

பவானி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்ததற்கு நன்றி. கடி பாதி, இதம் பாதி, அதனால்தான் இதற்குக் கடிதம் என்று பெயர். முதலில் கடி.

பெரியப்பாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. "ஏலே, அக்கா அந்த நோட்டக் கேக்குறா, அனுப்பி விடு" என்று அப்பா போனில் சொன்னார். அனுப்ப மாட்டேன்.

காரணம் உண்டு. இங்கே போன் கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை வார்டன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அப்பா நம்பருக்கு மட்டும் ஐந்து நிமிடம். நீட் வகுப்பு காலை ஐந்துக்கு ஆரம்பித்து, பேருக்கு ஏற்ற மாதிரி நீட்டிக்கொண்டே போகிறது. நோட்டை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு எனக்கு யார் கடிதம் போடுவார்கள்? ஆகவே ஒரு கடிதத்துக்கு ஒரு பலகாரம். நீ பதில் போட்டால் அடுத்தது.

போன வருஷம் மே மாத லீவில் பெரியப்பா சொல்லச் சொல்ல என் போனில் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதிய நோட்டு இது. உனக்கே தெரியும், அவர் வாயில் நிமிடக் கணக்கு வராது. தேங்காய் பன்னுக்கு "கம்பம் டவுன் பஸ் திரும்பினதும் எடு." வெண்ணெய் பிஸ்கட்டுக்கு "பள்ளிக்கூடத்து ரெண்டாவது மணி." கேட்டால், "மணி பாத்து வேகவச்சா அது பரீட்சை, பலகாரம் இல்ல" என்றார்.

நீ முதலில் கேட்டது திராட்சை பன். (பன்னீர் திராட்சையில் செய்வதால் பன்னீர் பன். பிரித்தால் பன், ஈரம். இரண்டும் சரி.) ஒரு படி பன்னீர் திராட்சையைச் சீனி போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, அந்தச் சாற்றிலேயே மைதாவைப் பிசை. ஈஸ்ட் பாதி. ஈரத்துணி போட்டு மூடி, திராட்சைத் தோட்டத்து ஆட்கள் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புகிற வரை விடு. மூன்று மணிக்கு விறகு அடுப்பில் வை. கடைசி வரி: மேலத்தெரு கருத்தம்மா எடுத்துரணும்.

அவ்வளவுதான். பார்சலில் ஒரு பன்னாவது வரட்டும்.

இப்படிக்கு,
வாயைத் தவிர மற்றதெல்லாம் மூடிவைக்கப்பட்ட
பவானி

*

காமயகவுண்டன்பட்டி,
21-6-2025

ஏலே பன்னுக்குட்டி,

உனக்கு விளையாட்டு. எனக்கு ஆகஸ்ட் 24 வரைக்கும்தான் நேரம்.

அன்றைக்கு அப்பா செத்து முதல் வருஷம். அன்று அனுசுயா பேக்கரியின் கதவைத் திறந்து, அப்பாவின் திராட்சை பன்னைத் தெருவுக்கே கொடுக்க வேண்டும் என்று கோயம்புத்தூர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. "ஒம் பேரு போர்டுல இருக்குன்னா பன்னு வந்துருமா? 24-ம் தேதி ஊரு வாயில வைக்கிற மாதிரி ஒண்ணு சுட்டுக் காட்டு. இல்லன்னா கார்த்திக்ராஜ் மொபைல் கடைக்குக் கேட்டிருக்கான், சாவியக் குடுத்துருவேன்." சந்தனம்மாள் ஒன்று சொன்னால் சொன்னதுதான், உன் பெரியம்மாவை உனக்குத் தெரியாததில்லை.

ஆறு தடவை சுட்டேன். மூன்று தடவை அடி தீய்ந்தது. மூன்று தடவை உள்ளே களி. டிரேயை இழுக்கப் போய் மணிக்கட்டில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மேலத்தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கருத்தம்மாள் என்று யாரும் இல்லை. பாண்டியம்மாள் மட்டும், பேரைச் சொன்னதும், "எதுக்குத்தா கேக்குற" என்றாள். பன்னை அடுப்பிலிருந்து எடுக்க என்றேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் இந்தக் கருத்தம்மாள்? எங்கே இருக்கிறாள்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெற்ற மகள் எனக்கு அப்பா ஒரு பிஸ்கட்டுக்குக்கூடக் கணக்குச் சொன்னதில்லை. சின்ன வயதில் அடுப்பறைக்குள் காலை வைத்தால் விரட்டுவார். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றபோது, "நீ இங்கன வராத, அங்கனயே இரு" என்று போனை வைத்தார். அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை. சீனி டப்பாவில் உப்பைக் கொட்டி அறுபது கேக்கைக் கெடுத்த உன்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஏன்?

இப்படிக்கு,
அனுசுயா

*

நாமக்கல் விடுதி,
27-6-2025

அன்புள்ள அக்கா,

உப்பு கேக் விவகாரத்தில் ஒரு திருத்தம். பெரியப்பா அதில் இருபதை "உப்புசம் தராத கேக்" என்று பேர் வைத்து விற்றுவிட்டார். கெட்டது நாற்பதுதான்.

என்னிடம் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் எதையும் செய்து பார்க்க மாட்டேன் என்று தெரிந்திருக்கும். எனக்குச் சாப்பிடத்தான் வரும்.

கருத்தம்மாளுக்கு வருவோம். வீடு வீடாகப் போய்க் கேட்டால் எப்படி வருவார்கள்? நீ என்ன, ஓட்டு கேட்கவா போனாய்? அதற்கு ஒரு முறை இருக்கிறது. பன்னை அடுப்பில் வைத்ததும் பின்பக்கக் கதவைத் திற. வாசலைத் தாண்டாமல் நின்று, "மேலத்தெரு கருத்தம்மா, எடுக்க வா" என்று மூன்று தடவை கூப்பிடு. கூப்பிட்டபின் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்காதே, அடுப்புப் பக்கம் திரும்பிவிடு. வந்தால் முதல் பன் அவர்களுக்கு.

இதெல்லாம் நோட்டில் இல்லையே என்று கேட்பாய். ஓரத்தில் பென்சிலில் இருந்தது. இப்போதுதான் கண்ணில் பட்டது.

கூப்பிடும்போது பெரியம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். உன்னை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
பென்சில் பவானி

*

காமயகவுண்டன்பட்டி,
4-7-2025

பன்னுக்குட்டி,

வந்துவிட்டாள்.

புதன்கிழமை. அம்மா முன்பக்கம் கல்லாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு டிரேயை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். வெயிலில் கண் கூசியது. கொல்லையில் ஒரு கோழிகூட இல்லை. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் மெதுவாக மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

அப்புறம் மறந்தே போனேன். கொஞ்ச நேரம் கழித்து என் காதுக்குப் பக்கத்தில், "தள்ளிக்க."

சாயம் போன அரக்குச் சேலை, முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. அம்மா வயது இருக்கும், கூடவும் இருக்கலாம். என்னைப் பார்க்கவில்லை, அடுப்பு வாயையே பார்த்தாள். துணி கேட்கவில்லை, இழுக்கிற கட்டை கேட்கவில்லை. கையை உள்ளே விட்டு டிரேயை இழுத்து, சந்தையில் கத்தரிக்காயை எடுத்துப் போடுகிற மாதிரி மேசையில் வைத்தாள். நான் கத்தக்கூட மறந்துவிட்டேன்.

பவானி, அதே பன். மேலே பளபளப்பு, அடியில் தட்டினால் டக்கென்று சத்தம், பிய்த்தால் ஊதா நிறத்தில் நூல் நூலாக. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அம்மா அழுது பார்த்தேன்.

நீ சொன்னபடி முதல் பன்னைத் தாளில் சுற்றி நீட்டினேன். வாங்கவில்லை. "பன்னு எதுக்குத்தா. இங்கன கைதான் வேணும்" என்றாள். ஆள் பற்றாக்குறை என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. போகும்போது கேட்டாள்:

"போர்டுல யாரு பேரு?"

"எம் பேருதான்."

"ம். நல்லாப் பெருசாத்தான் எழுதிருக்கான்."

உனக்குக் கோடி புண்ணியம். அடுத்த பலகாரம் எங்கே?

இப்படிக்கு,
அனுசுயா

*

நாமக்கல் விடுதி,
9-7-2025

அன்புள்ள அக்கா,

பிரமாதம். எழுந்து நின்று கைதட்டினேன். பதினேழு வருஷமாக நான் உன்னை ஏமாற்றியதற்கெல்லாம் சேர்த்து ஒரே கடிதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அதிலும் அந்த அரக்குச் சேலை. வார்டன் என் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் தருவார், அவரே இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி ஒதுங்கிப் போகிறார்.

நேற்று மறுபடி படித்தேன். "இங்கன கைதான் வேணும்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். உனக்கு இப்படியெல்லாம் எழுத வராது அக்கா. கோபம் வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய், பொய் சொல்ல மாட்டாய்.

அதனால் நான் சொல்லிவிடுகிறேன். கருத்தம்மாள் என்று யாரும் இல்லை. நான் செய்த சிலேடை அது. பெரியப்பா சொன்னது இதுதான்: "மேல கருத்ததும்மா, எடுத்துரணும்." பன்னின் மேல்பக்கம் கருத்ததும் எடுத்துவிடு அம்மா, அவ்வளவே. என்னை அவர் அம்மா போட்டுத்தானே பேசுவார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேல என்பதை மேலத்தெரு ஆக்கினேன். கருத்ததும்மாவைக் கருத்தம்மா ஆக்கினேன். அவரைக் கேலி செய்ய நோட்டில் அப்படியே எழுதினேன். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேலி மட்டும் நோட்டில் தங்கிவிட்டது.

பின்பக்கக் கதவு, மூன்று தடவை, முதல் பன் எல்லாம் இந்த விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கட்டிவிட்டது. பென்சிலும் இல்லை, ஓரமும் இல்லை.

இப்போது நீ உண்மையைச் சொல். பன்னை எடுத்தது யார்?

இப்படிக்கு,
பவானி

*

காமயகவுண்டன்பட்டி,
17-7-2025

பவானி,

உன் சிலேடையை இரண்டு தடவை படித்தேன். நல்லா இருக்கிறது. ஆனால் பொருந்தவில்லை.

திராட்சைச் சாற்றில் பிசைந்த மாவு வைக்கும்போதே கருப்பாகத்தான் இருக்கிறது. கருத்த மாவு கருத்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முப்பது வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்ற மனுஷன் அப்படி ஒரு அடையாளம் சொல்வாரா? நீ எப்போதாவது உண்மை எழுதியிருந்தால் அது அந்தக் கடைசி வரிதான். எழுதிவிட்டுப் பயந்து, இப்போது விளையாட்டு என்கிறாய்.

அவள் தினமும் வருகிறாள். கூப்பிட வேண்டியதில்லை, கதவைத் திறந்தாலே போதும். நேற்று நான் திறப்பதற்குள் உள்ளே இருந்தாள்.

நீ உப்பைக் கொட்டியது எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் சொல்கிறாள், உப்பைக் கொட்டுமுன் நீ டப்பா மூடியை நக்கிப் பார்த்தாயாம். "அந்த வாலுப் புள்ள நல்லா இருக்காளா" என்று விசாரித்தாள்.

அம்மா முன்பக்கத்திலிருந்து, "யாருகிட்டடி பேசிக்கிட்டு இருக்க" என்று கேட்கிறாள். ஆள் வைத்திருக்கிறேன் என்றேன். எட்டிப் பார்த்தாள். கருத்தம்மாள் அப்போது என் பக்கத்தில்தான் மேசையில் கையை ஊன்றி நின்றாள். அம்மா, "எங்கன?" என்றாள். வெயிலிலிருந்து உள்ளே பார்த்தால் கண் தெரியாது.

இன்றைக்கு டிரேயை நான் எடுத்தேன். என் கைக்கு மேல் அவள் கையை வைத்துக்கொண்டாள். துணி போட மறந்திருக்கிறேன். எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ஒன்றும் சுடவில்லை. மணிக்கட்டில் இருந்த பழைய காயத்தையும் காணோம்.

அம்மா கார்த்திக்ராஜிடம், பார்க்கலாம் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதை நினைத்துச் சந்தோஷப்படு.

அனுசுயா

*

நாமக்கல் விடுதி,
22-7-2025

அக்கா,

மூடியை நக்கியது நிஜம். அப்போது கடையில் யாரும் இல்லை. பெரியப்பா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மைதா மூட்டை இறக்கப் போயிருந்தார். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அப்பாவிடம் ஐந்து நிமிடம் கிடைத்தது. நலமா என்று கேட்பதற்குள் கருத்தம்மாள் யார் என்று கேட்டேன். "ஒனக்கு யாரு சொன்னா அந்தப் பேர" என்றார்.

சொல்கிறேன், உட்கார்ந்து படி. பெரியப்பா கடை ஆரம்பித்தபோது அவருக்குப் பன் சுடத் தெரியாதாம். மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்திருக்கிறாள். திராட்சைச் சாற்றில் மாவு பிசைந்தது அவள்தான். ஊருக்கு அது பெரியப்பா பேரில் சுருளிராஜன் பன். நீ பிறந்ததும் கடைக்கு உன் பேரை வைத்தார்கள். போர்டு மாட்டிய அன்று மத்தியானம், டிரேயை உள்ளே வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றவள் நின்றபடியே சரிந்துவிட்டாள். எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம், கடையில் ஒருத்தரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் டிரே மேசையில் இருந்தது. பன் பக்குவமாக வெந்திருந்தது.

"அதுக்கப்புறம் அண்ணன் யாரையும் அடுப்புப் பக்கம் விட மாட்டாக" என்றார் அப்பா. மணி அடித்துவிட்டது.

அக்கா, நான் சிலேடைக்காகத்தான் எழுதினேன். அந்தப் பேரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சத்தியம். என் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

என் போன் பழனிசெட்டிபட்டி வீட்டில் இருக்கிறது. அதை உன்னிடம் கொடுக்கச் சொல்லி அப்பாவுக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். திராட்சை பன் பதிவைக் கேள். "கருத்ததும்மா" என்று உன் காதாலேயே கேட்டால் நம்புவாய் அல்லவா? அதுவரைக்கும் பின்கதவைத் திறக்காதே. மொபைல் கடை வந்தால் வரட்டும்.

பவானி

*

காமயகவுண்டன்பட்டி,
30-7-2025

ஏ புள்ள,

சித்தப்பா வந்து போனைக் கொடுத்தார். பன் வேண்டாம் என்றுவிட்டார். உள்ளேயும் வரவில்லை.

பதிவைக் கேட்டேன். நீ சொன்ன இடத்தில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒரு தடவை கேட்டால் கருத்ததும்மா, இன்னொரு தடவை கேட்டால் கருத்தம்மா. ஒன்பது தடவைக்கு மேல் கேட்கவில்லை. அப்புறம் நீ சிரிக்கிறாய். "டீ வாங்கிட்டு வாரேன் பெரியப்பா" என்று போகிறாய். பதிவை நிறுத்தாமல் போயிருக்கிறாய். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, இல்லையா? இரண்டு நிமிடம் இருக்கிறது.

முதலில் டிரே இழுபடுகிற சத்தம். அப்பாவின் நாற்காலி நகரவில்லை.

அப்பா சொல்கிறார்: "சின்னப் புள்ள. வெளையாட்டுக்குச் சிரிச்சுட்டுப் போறா." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. யாரோ பேசி முடிக்கிற நேரம் இருக்கும். "அனு வேண்டாம்" என்கிறார். மறுபடி ஒன்றும் இல்லை. "அவள அங்கனயே இருக்கச் சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டா. கோவிச்சுக்கிட்டே இருக்கட்டும்." அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்து: "நான் நிக்கிறேன்ல. நான் இருக்குற வரைக்கும் நான் நிக்கிறேன்."

பிறகு நீ டீயோடு வந்துவிடுகிறாய்.

இத்தனை மாதமாக, அப்பா என்மேல் வெறுப்போடுதான் செத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறுப்பு இல்லை. அது தெரிந்தது, எனக்குப் போதும். அழுதேன். அவள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள். மாவு வாசனை அடித்தது.

சித்தப்பா சொன்ன கதையை அவளிடம் கேட்டேன். "இருக்கும்த்தா" என்றாள், அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வேலை பாதியில் நிற்பது பிடிக்காது. அப்பா முப்பது வருஷம் கை கொடுத்து நின்றார். இனி ஒருத்தர் நிற்கத்தானே வேண்டும்.

அம்மா சாவியை என் இடுப்பில் செருகிவிட்டாள்.

இங்கன எல்லாரும் சௌக்கியம்.

*

நாமக்கல் விடுதி,
5-8-2025

அக்கா,

இந்தக் கடிதத்தில் விளையாட்டு இல்லை. தேடிப் பார்க்காதே.

போன கடிதத்தில் நீ உன் பேரைப் போடவில்லை. எழுத்து இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, உன் எழுத்து சாயாது. நான் எங்கே இருந்தாலும் நீ என்னை ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிடுவாய். மூன்றாவது படிக்கும்போது ஒரே மூச்சில் எட்டு பன் தின்றதற்காக நீ வைத்த பேர். ஜூலை நான்காம் தேதிக்குப் பிறகு அந்தப் பேர் வரவில்லை. அது என்ன பேர்? பதிலில் அதை மட்டும் எழுது, வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்பா உன்னைப் பற்றிச் சொன்னார். போனைக் கொடுக்க வந்தபோது நீ மேசையில் ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்றாயாம். அப்பா கூப்பிட்டதும் உடனே திரும்பவில்லையாம். பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

பெரியப்பா உன்னை விரட்டியது இதற்காகத்தான். அவர் உனக்கு வருஷக்கணக்காகச் சாத்திவைத்திருந்த கதவை, திறந்து மூன்று தடவை கூப்பிடு என்று சொன்னது நான். ஒரு பொய்யைச் சொல்லி வரவழைக்க முடியும் என்றால் ஒரு உண்மையை எழுதி அனுப்பிவைக்கவும் முடியும் என்று நினைக்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நோட்டிலிருந்து அந்தத் தாளையே கிழித்து இதனுடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியை அடித்துவிட்டேன். அதற்குக் கீழே நான் எழுதியிருப்பதைச் சத்தமாக, அடுப்பறையில் நின்று படி: "இந்த பன் கருத்தம்மாளுடையது. அது அவர்கள் பேரிலேயே இருக்கட்டும். அடுப்பிலிருந்து எடுப்பது மட்டும் அனுசுயா. வேறு யாரும் இல்லை."

போர்டில் அவர்கள் பேரை எழுது. முழுசாக எழுது. உன் பேரை விட்டுக்கொடு, உன்னை விட்டுக்கொடுக்காதே.

24-ம் தேதிக்கு அப்பா லீவு வாங்கியிருக்கிறார். வருகிறேன்.

உன்
பவானி

*

காமயகவுண்டன்பட்டி,
13-8-2025

ஏ புள்ள,

காயிதம் வந்துச்சு. நீ கிழிச்சு அனுப்பின தாளும் வந்துச்சு. ஈர விறகு, பிடிக்காம கெடந்துச்சு. அதப் போட்டதும் நல்லாப் பிடிச்சுக்கிருச்சு.

இருபத்தி நாலாம் தேதிக்கு ஏற்பாடெல்லாம் ஆச்சு. சுருளி படத்துக்கு மாலைக்குச் சொல்லியாச்சு. சந்தனம் தெருவுக்கே சொல்லிருக்கு. மொபைல் கடைக்காரப் பயகூட வந்து நின்னு ஆறு பன்னு தின்னுட்டுப் போறான், கடையப் பத்திப் பேச்சே இல்ல. சுருளி கையில சுட்டமாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்றாக. சொல்லட்டும். அவனுக்கும் நல்ல பேருதான.

போர்டு அப்படியே இருக்கட்டும். அந்தப் பேரும் பழகிப்போச்சு. அனுசுயான்னு யாராச்சும் கூப்பிட்டா இப்பல்லாம் நானே திரும்பிப் பாக்குறேன்.

நீ ஏதோ பட்டப்பேரு கேட்டிருந்த. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நேர்ல வா, மொகத்தப் பாத்தா வந்துரும். மிச்ச நோட்டையும் மறக்காமக் கொண்டா. வெண்ணெ பிஸ்கோத்து இன்னும் கைக்கு வரல, அதுக்கும் ஒரு ஆளு வேணும்.

முன்பக்கமா வராத, கூட்டமா இருக்கும். பின்கதவு தொறந்துதான் கெடக்கும். கூப்பிட வேண்டியதில்ல, நேரா உள்ள வந்துரு. மொதப் பன்னு ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன்.

பாத்ததும் அக்கா அடையாளமே தெரியலன்னு சொல்லிச் சிரிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். அடுப்புக்கு முன்னால நின்னு நின்னு, நான்தான் கொஞ்சம் கருத்துட்டேம்மா.